அசல் காலத்துப் பாகங்களோடு பழைய பாணி ஹாட் ராட் கட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹாட் ராட் என்பது எந்த வண்டி? அதில் பழைய பாணி என்று எதைச் சொல்கிறோம்?

1930களிலும் 40களிலும் தெற்குக் கலிஃபோர்னியா இளைஞர்கள் பழைய ஃபோர்டு கார்களை மலிவாக வாங்கினார்கள். மட்கார்டு, பம்பர், கூரை எனக் கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றிப் பாரத்தைக் குறைத்து, இன்ஜினைத் தேற்றி, மியூராக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டிப் பார்த்தார்கள். இந்த ஓட்டங்களை ஒழுங்குபடுத்த 1937-இல் எஸ்சிடிஏ (சதர்ன் கலிஃபோர்னியா டைமிங் அசோசியேஷன்) என்ற சங்கம் உருவானது. 1949-இல் யூட்டாவின் பான்வில் உப்புப் படுகையில் முதல் வேக வாரம் நடந்தது. அந்தக் கால வண்டி எப்படி இருந்ததோ, அந்தக் காலத்தில் கிடைத்த பாகங்களாலேயே அப்படிக் கட்டுவதுதான் பழைய பாணி.

எல்லாரும் ஃபோர்டையே தேர்ந்ததற்குக் காரணம் விலை மட்டுமல்ல. 1948 வரை ஃபோர்டு கார்களில் முன்னும் பின்னும் குறுக்கே படுத்த ஒற்றைப் பட்டை ஸ்பிரிங்தான். ஆக்ஸில், ஸ்பிண்டில், பிரேக், கியர்பாக்ஸ் எல்லாம் ஒரு வருடத்ததை இன்னொரு வருடத்து வண்டியில் சிறு மாற்றத்தோடு மாட்டலாம். 1929 பாடி, 1940 பிரேக், 1946 இன்ஜின் மூன்றும் ஒரே வண்டியில் சேர்ந்தது இப்படித்தான்.

முதலில் எதை வாங்க வேண்டும்?

எதையும் வாங்காதீர்கள். முதலில் ஒரு வருடத்தை முடிவு செய்து பட்டறைச் சுவரில் எழுதி வையுங்கள். 1949 என்று எழுதினால், அந்த வருடம் முடிவதற்குள் கடையிலோ பழைய இரும்புக் கிடங்கிலோ கிடைத்திருக்கக்கூடிய பாகம் மட்டுமே வண்டியில் ஏற வேண்டும். இந்த ஒரு விதி இருந்தால் பாதி குழப்பம் தீர்ந்துவிடும்.

அடிக்கடி நேரும் பிழைகள் சில. 1948 வண்டி என்று சொல்லிவிட்டு 1950 போன்டியாக்கின் வட்டப் பின்விளக்கை மாட்டுவது. 1950-க்கு முந்தைய வண்டிக்கு 1939 ஃபோர்டின் கண்ணீர்த்துளி விளக்கு சரியாகப் பொருந்தும். இன்னொன்று, செவ்ரோலேயின் 265 கன அங்குல வி8. அது 1955 மாடலோடு வந்த இன்ஜின், அதற்கு முந்தைய வண்டியில் அதற்கு இடமில்லை. ஆல்டர்னேட்டர் அமெரிக்கக் கார்களில் 1960-இல்தான் தலைகாட்டியது, ஆகவே டைனமோ வேண்டும். பளபளக்கும் ஸ்டெயின்லெஸ் ஆலன் போல்ட்டும் கண்ணை உறுத்தும். சாதாரண ஆறுமுக போல்ட், கோட்டை நட்டு, காட்டர் பின் இவைதான் அந்தக் காலத்துக் கை.

மாடல் ஏ சேஸிஸா, 1932 சேஸிஸா?

ஃபோர்டு மாடல் ஏ (1928–31) சேஸிஸின் வீல்பேஸ், அதாவது முன் பின் அச்சுகளுக்கு நடுவிலுள்ள தூரம், 103.5 அங்குலம், 1932-ன் வீல்பேஸ் 106. 1932 சேஸிஸின் பக்கச் சட்டம் வெளியே தெரியும்படி வடிவாக அழுத்தப்பட்டது. மட்கார்டைக் கழற்றினாலும் வண்டி அம்மணமாகத் தெரியாது. அதனால்தான் மாடல் ஏ பாடியை 1932 சட்டத்தில் ஏற்றுவது அன்றும் இன்றும் விருப்பமான சேர்க்கை.

மாடல் ஏ சட்டம் ஒல்லியானது, 40 குதிரைத்திறன் நாலு சிலிண்டருக்குச் செய்தது. அதில் வி8 வைத்தால் நடுக் கிராஸ் மெம்பரை (குறுக்குச் சட்டத்தை) மாற்றி, முன்பாதிச் சட்டத்தின் உட்புறம் தகடு வைத்து மூட வேண்டும். மூடும்போது சட்டத்தைத் தட்டையான மேசையில் போல்ட் போட்டு இறுக்கி, இரண்டு அங்குலம் இங்கே, இரண்டு அங்குலம் எதிர்முனையில் என்று மாற்றி மாற்றி வெல்டிங் வையுங்கள். ஒரே மூச்சில் ஓட்டினால் சட்டம் வாழைப்பழம் போல் வளையும். வளைந்ததை நிமிர்த்துவதை விட வேறு சட்டம் தேடுவது எளிது.

எந்த ஃபிளாட்ஹெட் வி8 வாங்கலாம்?

ஃபோர்டு வி8 1932-இல் 221 கன அங்குலமும் 65 குதிரைத்திறனுமாக வந்தது. வால்வுகள் ஹெட்டில் இல்லாமல் பிளாக்கிலேயே இருப்பதால் ஹெட் தட்டையான மூடி மட்டுமே, பெயரும் அதனால்தான். கட்டுவதற்கு நல்லவை இரண்டு. ஒன்று, போர் முடிந்த காலத்து 59ஏ குடும்பம்: ஹெட்டைப் பிடிக்கும் ஸ்டட் (மரைக் கம்பி) பக்கத்துக்கு 24, மொத்தக் கொள்ளளவு 239 கன அங்குலம். கிளட்ச் மூடியான பெல் ஹவுசிங்கின் மேல்பாதி பிளாக்கோடு சேர்ந்தே வார்க்கப்பட்டிருக்கும். இன்னொன்று, 1949–53 ஃபோர்டின் 8பிஏ. அதற்கும் 239 கன அங்குலம், பெல் ஹவுசிங் தனி. முன்னதில் டிஸ்ட்ரிபியூட்டர், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டின் மூக்கில் நண்டு போல ஒட்டியிருக்கும், பின்னதில் செங்குத்தாக நிற்கும். தண்ணீர் வெளியேறும் வாய் 59ஏ ஹெட்டில் நடுவில், 8பிஏ ஹெட்டில் முன்முனையில். பழைய அலுமினிய ஹெட் வாங்குமுன் உங்கள் பிளாக் எது என்று தெரிந்திருக்க வேண்டும்.

8பிஏ-வைப் பழைய கியர்பாக்ஸோடு சேர்க்க 1948–52 ஃபோர்டு டிரக்கின் பெல் ஹவுசிங் உதவும். வாட்டர் பம்ப் இரண்டும் இன்ஜினின் முன் மவுண்டாகவும் இருப்பதால், பம்ப் மாற்றினால் மவுண்ட் இடமும் மாறும் என்பதை மறக்க வேண்டாம்.

ஃபோர்டு கம்பெனியின் இன்னொரு கார் வகையான மெர்க்குரியின் 1949–53 கிராங்க் தனிச் சொத்து. ஃபோர்டின் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 3 3/4 அங்குலம், மெர்க்குரிக்கு 4. அந்தக் கிராங்க்கோடு போரை (சிலிண்டரின் உள்விட்டத்தை) 3 5/16-ஆகப் பெருக்கினால் 276 கன அங்குலம் கிடைக்கும். போர் 3 3/8 என்றால் 286. இதற்குச் சிலிண்டர் சுவர் எவ்வளவு தடிமன் மிச்சம் என்று மீயொலிக் கருவியால் அளந்து பார்த்தபிறகே லேத்துக்காரரிடம் கொடுங்கள். வார்க்கும்போது உள்ளச்சு நகர்ந்திருந்தால் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருக்கும்.

பிளாக் நல்லதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இதில் அவசரப்பட்டவர்கள்தான் அதிகப் பணம் இழக்கிறார்கள். ஹெட்டைக் கழற்றி, கரியைத் துடைத்து, விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். வால்வு சீட்டிலிருந்து சிலிண்டர் வாய் வரை தலைமுடி போல ஒரு கோடு ஓடினால் அது விரிசல். எக்ஸாஸ்ட் சீட்டின் அருகே தேடினால் அநேகமாக அங்கே இருக்கும். ஸ்டட் துளையிலிருந்து பக்கத்துச் சிறு தண்ணீர்த் துளைக்குப் போகும் குட்டிக் கோடு பல பிளாக்கில் உண்டு, கேஸ்கெட் அதை மூடிவிடும், பயமில்லை.

கண்ணுக்குத் தெரியாததைக் காந்தத்தூள் சோதனை காட்டும். அதற்கப்புறம் தண்ணீர் ஜாக்கெட்டை அடைத்துக் காற்றழுத்தம் வைத்துப் பார்க்க வேண்டும். இந்த இரண்டும் முடியும்வரை போரிங், வால்வு வேலை எதற்கும் ஒரு காசு செலவழிக்கக் கூடாது. பிஸ்டனும் கேமும் வாங்கி அடுக்கியபின் பிளாக் ஓட்டை என்று தெரிவதைப் போன்ற வேதனை வேறில்லை.

ஃபிளாட்ஹெட் சூடாகும் என்கிறார்களே?

சூடாகும் உடம்புதான் அது. வால்வுகள் வி-யின் உள்பக்கம் இருக்கின்றன, எக்ஸாஸ்ட் பைப் வெளிப்பக்கம். எரிந்த புகை முழுதும் பிளாக்கின் தண்ணீருக்குள் புகுந்து குறுக்கே கடந்துதான் வெளியேறும். பக்கத்துக்கு நாலு சிலிண்டர் இருந்தும் மூன்றே வாய், நடுவிலுள்ள இரண்டு சிலிண்டருக்கும் ஒன்றுதான். அந்த நடுப்பகுதி எப்போதும் கொதிக்கும்.

ஆனால் ஃபோர்டு இந்த இன்ஜினை லட்சக்கணக்கில் விற்றது, அவை வெயிலிலும் ஓடின. இன்று சூடாவதற்குப் பெரும்பாலும் காரணம் எழுபது, எண்பது வருட அழுக்கு. ஜாக்கெட்டின் அடியில் வார்ப்பு மணலும், உள்ளச்சைத் தாங்கிய கம்பித் துண்டுகளும், துருச் சேறும் சிமெண்டு போல இறுகிக் கிடக்கும். கொதிதொட்டியில் முக்கினால் மட்டும் போகாது. தண்ணீர்த் துளை ஒவ்வொன்றிலும் வளைத்த கம்பியை விட்டுக் கிளற வேண்டும். பழைய ஸ்பீடோமீட்டர் கேபிளின் முனையைப் பிரித்து டிரில்லில் மாட்டிச் சுழற்றினால் கைக்கெட்டாத மூலையும் உதிரும். தட்டத் தட்ட விழுவதை ஒரு டப்பாவில் சேர்த்துப் பாருங்கள், எங்கே தங்கியிருந்தது என்று வியப்பீர்கள்.

அதற்கடுத்து: தாமதமான தீப்பொறி டைமிங், ஒரு தெர்மோஸ்டாட் மட்டும் வேலை செய்வது (பக்கத்துக்கு ஒன்று, மொத்தம் இரண்டு உண்டு), சுண்ணாம்பு பிடித்த ரேடியேட்டர். ஹெட் ஸ்டட்கள் தண்ணீருக்குள் இறங்குபவை. மரையில் சீலன்ட் பூசாமல் இறக்கினால் நட்டைச் சுற்றித் தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். அலுமினிய ஹெட் என்றால் முதல் மூன்று முறை ஓட்டிச் சூடாக்கி, முழுதும் ஆறவிட்டு, ஒவ்வொரு முறையும் திரும்ப முறுக்கு வைக்க வேண்டும். சூட்டில் முறுக்கக் கூடாது.

அலுமினிய ஹெட், ரேஸ் கேம் எவ்வளவு போகலாம்?

ஆஃபன்ஹவுஸர், எடல்பிராக், எடி மேயர், நவாரோ ஹெட்கள், இஸ்கெண்டேரியன், வின்ஃபீல்டு, பாட்வின் கேம்கள் எல்லாம் அந்தக் காலத்தவை. ஹெட்டை இன்னும் இன்னும் தேய்த்து அழுத்த விகிதத்தை ஏற்றும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். இந்த இன்ஜினில் கலவை வால்விலிருந்து பக்கவாட்டில் நகர்ந்து சிலிண்டருக்குள் விழ வேண்டும். ஹெட்டின் குழி குறுகினால் அந்த வழியே அடைபடும், மூச்சுத் திணறும். பலர் கை பட்ட பழைய ஹெட் எவ்வளவு தேய்ந்தது என்று வெளியே தெரியாது. களிமண் உருண்டையைப் பிஸ்டன் மேலும் வால்வு மேலும் வைத்து, ஹெட்டை இறுக்கி, கையால் இரண்டு சுற்றுச் சுற்றிக் கழற்றி, நசுங்கிய தடிமனை அளக்கவும். கேம் மாற்றினால், கேமுக்கும் வால்வுக்கும் நடுவே நிற்கும் டேப்பெட் அட்ஜஸ்ட் செய்யக்கூடியதாக இருப்பது கட்டாயம். கம்பெனி டேப்பெட்டில் அந்த வசதி கிடையாது.

ஸ்ட்ராம்பெர்க் 97 கார்புரேட்டர் வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

பாடியின் பக்கவாட்டில் 97 என்ற எண் புடைத்து நிற்கும். வெஞ்சுரி (காற்று புகும் குறுகிய கழுத்து) 0.97 அங்குலம் என்பதன் சுருக்கம் அது. ஃபோர்டு 1936 முதல் இதை மாட்டியது. 81, 48 என்ற எண்ணுள்ளவை வேறு அளவு. ஒரே மேனிஃபோல்டில் இவற்றைக் கலந்தால் ட்யூனிங் ஓயாது.

கையில் எடுத்ததும் த்ராட்டில் ஷாஃப்டை மேலும் கீழும் அசையுங்கள். தெரியும்படி ஆடினால் அந்த வழியே காற்று இழுக்கும், ஐடிலிங் நிற்காது, அடிப்பாகத்துக்குப் புஷ் போட வேண்டும். அடுத்து மூடியையும் அடிப்பாகத்தையும் கண்ணாடிப் பலகையில் வைத்துத் தட்டையா என்று பாருங்கள். போல்ட்டை அளவுக்கு மீறி முறுக்கியதால் காதுகள் கீழே இழுபட்டிருக்கும். மெல்லிய வளைவென்றால் கண்ணாடிமேல் உப்புத்தாள் ஒட்டித் தேய்த்து எடுக்கலாம்.

மிதவைக் கிண்ணத்தில் பெட்ரோல் மட்டம் மேல்விளிம்பிலிருந்து 15/32 அங்குலம் கீழே. பெட்ரோல் அழுத்தம் 2.5 பிஎஸ்ஐ-க்கு மேல் போனால் ஊசி தாங்காது, வழியும். மெயின் ஜெட் கம்பெனி அளவு 0.045. மிதவையும் ஜெட்டும் சரியாக இருந்தும் கறுப்புப் புகை வந்தால் முழு இழுவையின்போது கூடுதல் பெட்ரோல் விடும் பவர் வால்வைச் சந்தேகப்படுங்கள். ஆக்ஸிலரேட்டர் பம்ப் கிணற்றின் அடியில் ஒளிந்திருக்கும் அதைத் திறந்து பார்க்க எல்லாரும் மறப்பார்கள்.

இரண்டு கார்புரேட்டர் என்றால் இரண்டும் சமமாகத் திறக்க வேண்டும். மூன்று என்றால் நடுவிலுள்ளது மட்டும் ஐடிலுக்கும் ஊர்வதற்கும், மற்ற இரண்டும் மிதி பாதி இறங்கியபின் சேரும் லிங்கேஜ் வையுங்கள்.

கியர்பாக்ஸ், பின் ஆக்ஸில்?

தரையிலிருந்து மாற்றும் 1939 மூன்று கியர் பெட்டிதான் எல்லாரும் தேடுவது. அதில் லிங்கன் ஸெஃபர் காரின் பற்சக்கரங்களை இறக்கினால் முதல் கியரும் இரண்டாவதும் நீளும், இழுத்து ஓட்டச் சுகம். முதல் கியருக்குச் சிங்க்ரோ (பற்சக்கர வேகங்களைச் சமப்படுத்தும் அமைப்பு) கிடையாது. வண்டி முழுதும் நின்றபிறகு போடுங்கள், இல்லையென்றால் பல் உதிரும்.

பின்னால், நடுப்பகுதி பான்ஜோ வாத்தியம் போல உருண்டிருக்கும் பான்ஜோ ஆக்ஸில். பெரிய சக்கரத்தின் 39 பல்லுக்குச் சின்னதில் 11 பல் என்றால் விகிதம் 3.54, 34-க்கு 9 என்றால் 3.78, 37-க்கு 9 என்றால் 4.11. சாலையில் ஓட்டுவதற்கு 3.54 அல்லது 3.78 எடுங்கள்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. 1948 வரை ஃபோர்டின் டிரைவ் ஷாஃப்ட் ஒரு குழாய்க்குள் ஓடும். ஆக்ஸில் பின்னோக்கிச் சுருண்டு திரும்பாமல் பிடிப்பது அந்தக் குழாய்தான். வண்டியைத் தள்ளும் விசையும் அதன் வழியாகவே கியர்பாக்ஸுக்கு வருகிறது. பின்னாளைய கியர்பாக்ஸ் வைப்பதற்காகக் குழாயை வெட்டி, திறந்த ஷாஃப்ட் போட்டால், அதன் வேலையைச் செய்ய வலுவான டார்க் ஆர்ம் ஒன்றைச் சேர்த்தே ஆக வேண்டும். சேர்க்காமல் விட்டால் ஆக்ஸிலைப் பிடிக்கும் ரேடியஸ் ராடு முதல் நல்ல கிளட்ச் விடுதலிலேயே வளையும். குழாயோடு வைத்துக்கொள்வதே நல்லது. 112 அங்குல வீல்பேஸ் கொண்ட 1940 வண்டியின் ஆக்ஸிலை எடுத்தால் குழாய், ஷாஃப்ட், ரேடியஸ் ராடு மூன்றையும் சம அளவு குறைக்க வேண்டும்.

மாடல் ஏ பின் ஸ்பிரிங்கைக் கழற்றுவதற்கு அதற்கென்ற விரிப்பான் கருவி இல்லாமல் தொடாதீர்கள். வண்டியின் பாரம் இல்லாதபோதும் அது முறுக்கோடு இருக்கும், தெறித்தால் ஆளையே முடித்துவிடும்.

முன்பக்கத்தைத் தாழ்த்துவது எப்படி?

நிலையான வழி, இறக்கிய ஆக்ஸில். அசல் ஐ-பீம் ஆக்ஸிலைச் சூடாக்கி இரு முனையிலும் மேல்நோக்கி வளைத்தால் நடுப்பகுதி இரண்டரை முதல் நான்கு அங்குலம் இறங்கும். ஸ்பிரிங்கின் மெயின் பட்டையின் முனைக் கண்ணைத் திருப்பிச் சுருட்டினால் ஒரு அங்குலத்துக்கு மேல் கூடுதலாக இறங்கும். 1932 சட்டத்தில் மாடல் ஏ முன் கிராஸ் மெம்பரை வைத்தால் இன்னும் ஏறக்குறைய ஒரு அங்குலம். ஆக்ஸில் இறங்கினால் ஸ்டியரிங் ஆர்மும் இறங்க வேண்டும், இல்லாவிட்டால் இரு முன் சக்கரங்களையும் இணைக்கும் டை ராடு விஷ்போனில் இடிக்கும். ஆர்மைச் சிவக்கக் காய்ச்சி வளைத்து, சாம்பலிலோ காற்றிலோ தானாக ஆறவிடுங்கள். தண்ணீரில் முக்கினால் நொறுங்கும் இரும்பாகிவிடும், ஓடும்போது உடையும்.

விஷ்போன் என்பது ஆக்ஸிலின் இரு முனையிலிருந்தும் வந்து வண்டியின் நடுவில் ஒரு பந்து மூட்டில் சேரும் கவட்டை. இன்ஜினுக்கு இடம் வேண்டி அதை நடுவில் பிளந்து, ஒவ்வொரு கையையும் ஒரு பக்கச் சட்டத்தில் கட்டுவார்கள். அப்படிச் செய்ததும் ஒரு சக்கரம் மேட்டில் ஏறினால் ஆக்ஸில் முறுக்கப்படுகிறது. ஐ-பீம் அந்த முறுக்கைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். 1937-இன் குழாய் ஆக்ஸில் விட்டுக்கொடுக்காது. அதைப் பிளந்த விஷ்போனோடு சேர்த்தால் சுமை எல்லாம் மூட்டுக்கும் வெல்டிங்குக்கும் போய் ஏதாவதொன்று விரியும். அழகாக இருக்கிறதே என்று இந்தச் சேர்க்கையை எடுக்க வேண்டாம்.

வேகத்தில் ஸ்டியரிங் உதறுகிறது. ஏன்?

காஸ்டரை (சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின் பின்னோக்கிச் சாயும் கோணத்தை) முதலில் அளங்கள். 5 முதல் 7 டிகிரி இருக்க வேண்டும். பின்பக்கத்தை உயர்த்தி முன்னைத் தாழ்த்தும்போது காஸ்டர் சத்தமில்லாமல் குறைந்துவிடும். அதற்கப்புறம் கிங்பின் ஆட்டம், டை ராடு முனைகள், டோ-இன் (முன் சக்கரங்கள் உள்நோக்கிச் சாயும் அளவு, 1/16 முதல் 1/8 அங்குலம்), டயரின் வட்டம். ஸ்பிரிங் முனையை ஆக்ஸிலோடு சேர்க்கும் ஷாக்கிள், வண்டி தரையில் நிற்கும்போது 45 டிகிரி சாய்ந்திருக்க வேண்டும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது வண்டி முதலில் பக்கவாட்டில் நகர்ந்து பிறகு திரும்பினால், அது குறுக்கு ஸ்டியரிங்கின் கோளாறு. ஸ்டியரிங் பெட்டியிலிருந்து சக்கரத்துக்குப் போகும் ட்ராக் லிங்க் ஆக்ஸிலைத் தள்ளுகிறது, ஷாக்கிள்கள் ஊஞ்சல் போல விடுகின்றன. ஆக்ஸிலைப் பக்கவாட்டில் நகரவிடாமல் சட்டத்தோடு பிணைக்கும் பான்ஹார்டு ராடு ஒன்று போட்டால் தீரும். அதை ட்ராக் லிங்குக்கு இணையாகவும் அதே நீளத்தை ஒட்டியும் வையுங்கள்.

அசல் பிரேக் போதுமா?

ஃபோர்டுக்கு ஹைட்ராலிக் பிரேக் 1939-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய ராடு பிரேக்கோடு வி8 ஓட்டுவதை நாங்கள் ஆதரிக்க மாட்டோம். 1940–48 டிரம், பேக் பிளேட் எடுங்கள். சக்கர போல்ட் வட்டம் 5 1/2 அங்குலம், ஐந்து போல்ட். 1936–39 வண்டிகளின் அகன்ற ஐந்து போல்ட் வட்டம் 10 1/4, சக்கரம் கிடைப்பது கடினம்.

பெடல் தாழ்வாக இறங்குகிறது என்ற புகார் எப்போதும் வரும். இந்தப் பிரேக்கில் ஷூவின் அடியில் இரண்டு திருகு அச்சும் மேலே இரண்டு கேமும் உண்டு. பலர் மேலே மட்டும் சரிசெய்து விட்டுவிடுகிறார்கள். புது லைனிங்கை டிரம்மின் வளைவுக்கு ஏற்ப அரைத்து, அடி அச்சையும் சரிசெய்து, ஷூ முழுநீளமும் தொட்டால்தான் பிடிக்கும். காலத்தை மீறாமல் இன்னும் நன்றாக நிறுத்த 1940களின் லிங்கன் பிரேக் உண்டு, தன் பிடியைத் தானே கூட்டும் பெண்டிக்ஸ் வகை, ஆனால் விலை அதிகம். 1948–52 ஃபோர்டு எஃப்-1 பிக்கப்பின் 11 அங்குலப் பிரேக்கும் அதே வகை.

மாஸ்டர் சிலிண்டர் அசலில் ஒற்றை அறை. ஒரு பைப் வெடித்தால் நாலு சக்கரமும் போச்சு. தரைக்கு அடியில் மறைந்திருக்கும் இந்த ஒரு இடத்தில் இரட்டை அறை மாஸ்டரை வைப்பதைப் பிழையாக நாங்கள் கருதுவதில்லை.

பின் டிரம்மைக் கழற்றும்போது ஹப்பைப் பிடிக்கும் இழுப்பான் வேண்டும், டிரம்மின் விளிம்பை இழுத்தால் கோணிவிடும். பழைய லைனிங் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

சக்கரம், டயர்?

1940–48 காலத்து 16 அங்குல இரும்புச் சக்கரம், அல்லது 1935-இன் கம்பிச் சக்கரம். முன்னால் 5.50-16, பின்னால் 7.00-16 அல்லது 7.50-16 பயஸ் பிளை டயர் (நூலடுக்குகள் சாய்வாகக் குறுக்கிடும் பழைய வகை). ரேடியல் வேண்டாம், பக்கச்சுவர் பிதுங்கித் தோற்றமே மாறிவிடும். பயஸ் டயர் சாலைக் கோட்டைப் பிடித்து இழுக்கும், அது இயல்பு.

6 வோல்ட்டிலேயே விடலாமா?

விடலாம். 1955 வரை ஃபோர்டு 6 வோல்ட், பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை சட்டத்தோடு இணைந்தது). ஸ்டார்ட்டர் சோம்புகிறது என்றால் பேட்டரியைக் குறை சொல்லுமுன் கேபிளைப் பாருங்கள். 12 வோல்ட் வண்டியின் மெல்லிய கேபிளைப் போட்டிருப்பார்கள். பாதி வோல்ட்டுக்கு இரட்டை ஆம்பியர் ஓட வேண்டும், 1/0 கனம் தேவை. இன்ஜினிலிருந்து சட்டத்துக்குத் தனி எர்த் பட்டை போட்டு, தொடும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டிவிடுங்கள்.

புதிதாகச் செய்த நகல் பாகங்கள் சேருமா?

ரப்பர், வயரிங், பிரேக் பைப், கிங்பின், பேரிங் புதிதாகவே இருக்க வேண்டும், அவற்றில் பழமை ஆபத்து. கண்ணில் படும் இடங்களில் அசல் தேடுங்கள்: கைடு ஹெட்லைட், ஸ்டூவர்ட்-வார்னர் மீட்டர், 1940 ஃபோர்டு ஸ்டியரிங் சக்கரம். பழைய ஆக்ஸில், ஸ்பிண்டில், ஸ்டியரிங் ஆர்ம் மூன்றையும் காந்தத்தூள் சோதனை செய்யாமல் மாட்டக் கூடாது.

பிரைமரோடு ஓட்டலாமா?

ஏரிப் படுகை வண்டிகள் பல அப்படித்தான் ஓடின. ஆனால் சாதாரண பிரைமர் தண்ணீரை உறிஞ்சும். ஒரு மழைக்காலம் போனால் அடியில் துரு கொப்பளிக்கும். இரும்பின்மேல் முதலில் எபாக்ஸி பிரைமர், அதன்மேல் மங்கலான கறுப்போ சிவப்பு ஆக்சைடோ பூசுங்கள்.

பாகங்களை எங்கே தேடுவது?

அக்டோபரில் பென்சில்வேனியாவின் ஹெர்ஷியில் நடக்கும் பெருஞ்சந்தை, கலிஃபோர்னியாவின் பொமோனா சந்தை இரண்டும் பெரியவை. விடியுமுன் டார்ச்சோடு போங்கள். காந்தம், கேலிப்பர், பல் எண்ணச் சுண்ணாம்புக் கட்டி, ஒரு சின்னக் கண்ணாடி இவை பையில் இருக்கட்டும். அலுமினிய ஹெட்டை வாங்குமுன் தண்ணீர்த் துளைகளைச் சுற்றி விரலால் தடவுங்கள். அரித்துக் குழியான இடம் கேஸ்கெட் உட்காரும் விளிம்புவரை வந்திருந்தால், வெல்டிங் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.